சிறு மடிக்கணினி: தொழிலுக்கு வாங்குமுன் அளந்தறியும் முறை

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழி பார்க்கிறார்; சற்றுத் தூரம் நடக்கவிட்டுப் பார்க்கிறார். வலை வாங்கும் மீனவர் கண்ணியில் விரலை நுழைத்து அளக்கிறார். நூலை இழுத்து அதன் முறுக்கைச் சோதிக்கிறார். இவை ஏட்டில் படித்த பாடங்கள் அல்ல. பல தலைமுறைகளின் அனுபவம் தந்த அறிவு. ஆயினும் கணினி என்னும் கருவியை வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் விலைச் சீட்டையும், மேற்பூச்சின் மினுக்கத்தையும், கடைக்காரரின் சொல்லையும் கொண்டே முடிவு செய்துவிடுகிறோம். மாட்டுக்கும் வலைக்கும் உள்ள பரிசோதனை கணினிக்கும் உண்டு. அதனைக் கற்றுக்கொள்வது கடினமுமன்று.

“ஒரு கிலோ எடையில், பையில் அடங்கும் சிறு மடிக்கணினி மலிவாகக் கிடைக்கிறது. பஞ்சாயத்துக் கணக்கையோ, மகளிர் குழுக் கணக்கையோ, லாரிக் கணக்கையோ எழுத அதனை வாங்கலாமா?” என்ற வினா இப்பொழுது பல ஊர்களிலும் எழுகின்றது. ‘வாங்கலாம்’ என்றோ, ‘வாங்கக் கூடாது’ என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தே விடை அமையும். அவ்விடையை அங்கத்தினர்களும் விவசாயிகளும் தாங்களே கண்டறியத்தக்க முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

துறைமுகமும் கணக்கும்

இதற்கு வடசென்னைத் துறைமுகப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டில் புறப்பட்ட இடம் ராயபுரம். அதனை அடுத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அப்பால் திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டன. அவற்றுக்கும் வடக்கே மீஞ்சூர் ஒன்றியத்தின் அத்திப்பட்டு, வல்லூர், நந்தியம்பாக்கம், காட்டுப்பள்ளி முதலிய ஊர்கள் உள்ளன. எண்ணூரில் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, இன்று காமராஜர் துறைமுகம் என்று வழங்கும் துறைமுகமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும், அனல் மின் நிலையங்களும் இவ்வூர்களின் பக்கத்திலேயே அமைந்துள்ளன. ஒருபுறம் நெல்வயலும் உப்பளமும், மறுபுறம் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரிகளுமாக இப்பகுதி விளங்குகின்றது. ஆகவே விவசாயி, மீனவர், லாரி உரிமையாளர், பட்டறை முதலாளி, கருவாடு விற்கும் மகளிர் குழுவினர் ஆகிய அனைவரையும் ஒரே வட்டாரத்தில் காணலாம்.

இவர்கள் அனைவரின் கணக்கும் இப்பொழுது மின்னணு முறைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பொதுவாக, ஆண்டு விற்றுமுதல் சரக்கு வியாபாரத்தில் 40 இலட்ச ரூபாயையும், சேவைத் தொழிலில் 20 இலட்ச ரூபாயையும் தாண்டுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் சரக்கு லாரிகளுக்கு மின்வழிச் சீட்டு தேவையாயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டாலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்வது ஓர் இலட்ச ரூபாய்க்கு மேற்பட்டாலும் அச்சீட்டை இணையத்தில் எடுக்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்துகளுக்கோ, திட்டமும் கணக்கும் எழுதுவதற்கென ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்ற இணையதளம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கப்பட்டது. கருவி வேண்டுமா என்ற கேள்வி இவ்வாறு தீர்ந்துவிட்டது. எத்தகைய கருவி என்பதே இன்றைய கேள்வி.

சிறு கணினியின் வரலாறு

‘நெட்புக்’ என்ற பெயரில் வழங்கிய சிறு மடிக்கணினிகளின் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடமாகும். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தரலாம் என்ற திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபான்டே என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2005ஆம் ஆண்டில் அறிவித்தார். 2007இல் அக்கருவி உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. எனினும் சிறிய, மலிவான கணினியை மக்கள் விரும்புவார்கள் என்ற எண்ணம் உலகெங்கும் பரவிற்று. அதே ஆண்டில் தைவான் நாட்டின் ஆசஸ் நிறுவனம் ‘ஈ பி.சி.’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் திரை 7 அங்குலம். சேமிப்பிடம் 4 ஜி.பி.; எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 2008இல் இன்டெல் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கென்றே ‘ஆட்டம்’ என்ற சிறு செயலியை வெளியிட்டது. நம் நாட்டில் எச்.சி.எல். நிறுவனம் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே ‘மைலீப்’ என்ற சிறு கணினியை அறிமுகப்படுத்திற்று.

விற்பனை வெகு வேகமாக வளர்ந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 2013ஆம் ஆண்டுக்குள் முன்னணி நிறுவனங்கள் நெட்புக் செய்வதையே கைவிட்டன. தொடுதிரைப் பலகைகளும் கைப்பேசிகளும் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணமே நமக்கு முக்கியமானது. கடிதம் படிக்கவும், இணையப் பக்கங்களைப் பார்க்கவும் என்று செய்யப்பட்ட கருவியை வாங்கி, அதில் முழுநேரக் கணக்கு வேலை செய்யப் பலர் முற்பட்டனர். கருவி தடுமாறிற்று, வாங்கியவர் சலிப்படைந்தார். வண்டி மாட்டைச் செக்கில் பூட்டிவிட்டு மாட்டைக் குறை கூறுவது போன்றதே இது.

2011 அக்டோபரில் மாணவர்களுக்கென மத்திய அரசு அறிமுகப்படுத்திய ‘ஆகாஷ்’ பலகைக் கணினியின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. மலிவு விலையால் அது உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் 256 எம்.பி. நினைவகமும், அழுத்தித் தொட வேண்டிய திரையும், விரைவில் தீரும் பேட்டரியும் அதன் பயனைக் குறைத்துவிட்டன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதலை நடத்திற்று. நெட்புக் உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த அந்நாளிலும் 14 அங்குலத் திரையும், 2 ஜி.பி. நினைவகமும், 320 ஜி.பி. சேமிப்பிடமும் கொண்ட கருவியே முதலில் வழங்கப்பட்டது. திட்டம் நடைபெற்ற ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குச் சென்றன. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது கொள்முதலின் வரிசையை. ஒப்பந்தப்புள்ளி முறையில், கருவி எவ்வாறிருக்க வேண்டும் என்பது முதலில் எழுதப்பட்டது. விலை அதன் பின்னரே கேட்கப்பட்டது. இவ்வரிசையை ஒரு குடும்பமும், ஒரு குழுவும், ஒரு பஞ்சாயத்தும் பின்பற்றலாம். அளந்தறியும் முறையின் உயிர்நாடி இதுவே: முதலில் வேலை, பிறகு கருவி, கடைசியில் விலை.

முதற்படி: வேலையை எழுதுக

ஒரு தாளை எடுத்து, ஒரு மாத காலத்தில் கணினியால் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கு விவரங்களைக் குறிக்க வேண்டும்: மாதத்தில் எத்தனை முறை, ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், எந்த இடத்தில் வைத்து, எந்த மென்பொருளில் அல்லது இணையதளத்தில். இத்தாளை எழுதாமல் கடைக்குச் செல்பவர், நிலத்தின் பரப்பை அறியாமல் விதை வாங்கச் செல்பவரைப் போன்றவர்.

எழுதி முடித்ததும், கைப்பேசியிலேயே செய்யத்தக்க வேலைகளை அடித்துவிட வேண்டும். ‘உழவன்’ செயலியைப் பார்ப்பதற்கோ, பட்டா, சிட்டா விவரங்களை அறிவதற்கோ தனிக் கணினி தேவையில்லை. மீனவருக்கு வேண்டிய அலை உயரமும் காற்றின் வேகமும் ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்திலிருந்து கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. எப்பொழுதாவது ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையம் உள்ளது.

கருவி ஒன்றாயினும் பயன் பலருக்கு ஆகலாம் என்பதற்குப் புதுச்சேரி வட்டாரத்தில் ஓர் உதாரணம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரின் மையத்தில், கடல் அலையின் உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கி மூலம் ஊருக்கே அறிவித்தனர். வீட்டுக்கொரு கணினி அங்கே தேவைப்படவில்லை. ஊருக்கு எது தேவை என்பது தெளிவாக இருந்ததால் ஒரே கருவி போதுமானதாயிற்று.

அடித்தது போக எஞ்சிய வேலைகளே நாம் வாங்கப்போகும் கருவியின் அளவுகோலாகும். எஞ்சியது ஒன்றுமில்லையெனில் பணத்தை வங்கியில் விட்டு வைப்பதே சிக்கனம்.

இரண்டாம்படி: திரையும் விசைப்பலகையும்

சிறு மடிக்கணினியின் திரை பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கும். பழைய நெட்புக்குகளின் திரையில் மேலிருந்து கீழாக 600 புள்ளி வரிசைகளே உண்டு. கணக்கு மென்பொருளின் படிவம் அதைவிட நீளமாயிருந்தால், ‘சேமி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடும். விவரம் முழுவதையும் நிரப்பியவர் அதனைச் சேமிக்க வழியின்றித் திண்டாடுவார். இப்பொழுது வரும் சிறு கணினிகளில் 768 வரிசையும் அதற்கு மேலும் உண்டு என்றாலும், நம் வேலைக்குரிய படிவத்தைத் திறந்து அடிவரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

திரையில் ஓர் அகன்ற கணக்குத் தாளைத் திறந்து, பத்து நிமிஷம் எண்களைப் படித்துப் பார்ப்பதும் நல்லது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து ஒரு தடையாகும். குழுவின் கணக்கை யார் எழுதுவாரோ அவரே கடைக்குச் சென்று பார்க்க வேண்டும். அவருடைய மகன் பார்த்தால் போதாது.

விசைப்பலகையும் இவ்வாறே. சிறு கணினியில் விசைகள் நெருங்கியிருக்கும். எண்களுக்கென வலப்புறம் தனிப் பகுதி இராது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொகைகளைப் பதிவு செய்பவருக்கு இது பெருங்குறை. வாரம் ஒரு முறை பத்துப் பதிவு செய்பவருக்கு இது குறையே அன்று. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ முறையில் தட்டச்சு செய்வோர், ஒரு பக்கம் தட்டிப் பார்த்து விரல்கள் இடறுகின்றனவா என்று அறிய வேண்டும்.

மூன்றாம்படி: எருதும் களமும் குதிரும்

கணினியின் உள்ளே மூன்று பகுதிகளை அறிந்தால் போதும். செயலி என்பது எருது. வேலையை இழுப்பது அதுவே. நினைவகம் என்பது களம். நடக்கின்ற வேலை முழுவதும் அதன்மேல்தான் பரப்பப்படுகிறது. சேமிப்பிடம் என்பது குதிர். முடிந்த வேலை அதில் தங்குகிறது. எருது எவ்வளவு வலிதாயினும், குதிர் எவ்வளவு பெரிதாயினும், களம் சிறிதானால் கதிரடிப்பு தாமதமாகும். நெட்புக்குகளின் பெருங்குறை இக்களம்தான். அன்று அவற்றில் பெரும்பாலும் ஒரு ஜி.பி. நினைவகமே இருந்தது. இன்று எழுத்து வேலைக்கும், ஓரிரு இணையப் பக்கங்களுக்கும் 4 ஜி.பி. கொண்டு சமாளிக்கலாம். நாள் முழுவதும் கணக்கு எழுதுவோர் 8 ஜி.பி.க்குக் குறைந்து வாங்குவது நல்லதன்று. சிறு கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. “பிறகு கூட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்டு, விடையை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

சேமிப்பிடத்திலும் எச்சரிக்கை தேவை. 32 ஜி.பி. மட்டுமே கொண்ட மலிவுக் கணினிகளில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இடம் போதாமல் நின்றுவிட்டதுண்டு. சுழலும் வட்டுக்குப் பதில் அசைவற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பிடம் கொண்ட கருவி, லாரியிலும் படகிலும் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும். விரைவாகவும் வேலை செய்யும்.

நான்காம்படி: இயக்கமுறை

எந்த இயக்கமுறையில் கருவி ஓடுகிறது என்பதை அறியாமல் வாங்கிவிட்டு வருந்துவோர் பலர். 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜியோபுக் நெட்புக்கின் வாரிசு எனலாம்; 11.6 அங்குலத் திரையும், 4 ஜி.பி. நினைவகமும் உடையது, எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது ஓடுவது விண்டோஸில் அன்று. நம் வியாபாரிகள் மிகுதியாக உபயோகிக்கும் டேலி மென்பொருளோ விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. படிக்கின்ற மாணவருக்கு இது தடையன்று. டேலியில் கணக்கு வைப்பவர் முன்னரே அறிய வேண்டிய செய்தி.

விண்டோஸிலும் பதிப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்தன. ரிச்சித் தெருவிலும் பிற கடைகளிலும், அலுவலகங்களில் உழைத்து வெளிவந்த மடிக்கணினிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுள் உறுதியானவையும் உண்டு. ஆனால் விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய செயலியாயின், அதில் வங்கிக் காரியம் செய்வது தாழில்லாத கதவுள்ள வீட்டில் நகையை வைப்பது போன்றதாகும்.

ஐந்தாம்படி: துளைகளும் கையொப்பமும்

கணினியின் விளிம்பிலுள்ள யூ.எஸ்.பி. துளைகளை எண்ண வேண்டும். பஞ்சாயத்துக் காரியாலயத்தில் பணம் வழங்க டிஜிட்டல் கையொப்பத்துக்குரிய குறுஞ்சாவி ஒரு துளையில் நிற்கும். அச்சு இயந்திரம், சுட்டெலி, ஆவண நகல் எடுக்கும் கருவி ஆகியவற்றுக்கும் துளைகள் தேவை. சிறு கணினிகளில் இரண்டே துளைகள் இருப்பதுண்டு. பிரிப்பான் ஒன்றை வாங்கி மாட்டலாம். எனினும் கையொப்பச் சாவியை நேரடியாகக் கணினியிலேயே செருகுவது நலம். அச்சாவிக்குரிய மென்பொருள் எல்லா இயக்கமுறைகளிலும் ஏறாது. சாவியையே கடைக்குக் கொண்டுசென்று செருகிப் பார்த்தால் ஐயம் தீரும்.

ஆறாம்படி: உப்புக் காற்றும் சாம்பலும் வெள்ளமும்

கடற்கரையோரத்தில் உப்புக் காற்று துளைகளின் உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. அனல் மின் நிலையங்களையும் நெடுஞ்சாலையையும் அடுத்த ஊர்களில் சாம்பலும் புழுதியும் விசிறியின் வழியை அடைக்கின்றன. சிறு மடிக்கணினிகளுள் பல விசிறியே இல்லாதவை. இது அவற்றின் நல்ல குணங்களுள் ஒன்று. ஆயினும் வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்தால் அவை சூடேறி மெதுவாகிவிடும். கடலை நோக்கிய சன்னலருகே எக்கணினியையும் வைக்கலாகாது. வேலை முடிந்ததும் துணியுறையில் இட்டு உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும். காசிமேட்டு ஏலத்தின் நடுவே, ஐஸ் நீரும் மீன் கையுமாகக் கணினியைத் திறப்பது அறிவுடைமையன்று. ஏலக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி, கரையேறிய பின் பதிவு செய்வதே முறை.

மின்செலவிலும் சிறு கணினி சிக்கனமானது. ஏறத்தாழ 15 வாட் இழுக்கும் கருவி 10 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு 0.15 யூனிட். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுப்பதாகக் கொண்டால் அதே நேரத்துக்கு ஒரு யூனிட் ஆகும். மின்தடை நேரத்தில் பேட்டரி கைகொடுக்கும் என்பதும் ஒரு நன்மை.

வெள்ளத்தை மறக்கலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்து ஊர்களில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. ஒரு கிலோ எடையுள்ள கருவியைப் பரணில் ஏற்றிவிடலாம். அவ்வாறு ஏற்ற நேரமில்லாத இரவும் உண்டு. நிவாரணம் கோர வேண்டிய வேளையில், உறுப்பினர் பட்டியலும், சேமிப்புக் கணக்கும், படகின் பதிவுச் சான்றும் வேண்டும். ஆகவே கருவி எதுவாயினும் கணக்கு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும்: கணினியில் ஒன்று, வேறொரு வீட்டிலுள்ள பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கருவி போனால் மறுபடி வாங்கலாம். கணக்கு போனால் குழுவின் ஒற்றுமையே போய்விடும்.

கடைசிப்படி: விலையை நாளால் வகுத்தல்

இவ்வளவும் பார்த்த பின்னரே விலையைப் பார்க்க வேண்டும். அதையும் மொத்தமாகப் பாராமல், உழைக்கும் நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்காக இரண்டு கருவிகளைக் கொள்வோம். முதலாவது 18,000 ரூபாய். நம் வேலைக்கு இரண்டு ஆண்டுகளே ஈடுகொடுக்கும். இரண்டாவது 36,000 ரூபாய். ஆறு ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் எனில், முதலாவதற்கு 600 நாட்கள். நாளொன்றுக்கு 30 ரூபாய் ஆகிறது. இரண்டாவதற்கு 1,800 நாட்கள். நாளொன்றுக்கு 20 ரூபாயே ஆகிறது. இங்கே மலிவுக் கருவியே விலையுயர்ந்தது.

வேலை குறைவாயின் கணக்கு மாறிவிடும். இலகுவான வேலைக்குச் சிறு கருவியே ஆறு ஆண்டுகள் உழைக்குமானால் நாளொன்றுக்கு 10 ரூபாய்தான். அப்பொழுது பெரிய கருவி வாங்குவதே வீண் செலவு. ஆகவே சிறியது என்பது குணமுமன்று, குற்றமுமன்று. வேலையோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் ஊருக்கு வருவாரா, பேட்டரி மாற்ற என்ன செலவு என்பவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

கருவாடு விற்கும் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மகளிர் குழுவைக் கொள்வோம். வாரம் ஒரு முறை சேமிப்பும் கடனும் பதிய வேண்டும். மாதம் ஒரு முறை வரவு செலவுத் தாள் வேண்டும். இதற்குச் சிறு மடிக்கணினி தாராளமாகப் போதும். உறுப்பினர் ஒருவரின் வீட்டில், மகனோ மகளோ பள்ளியில் பெற்ற மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தால், அவர்கள் இசைவோடு அதனையே எழுப்பலாம். நினைவகத்தைக் கூட்டி, வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, காலாவதியான விண்டோஸை நீக்கி, நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் போன்ற விலையில்லா இயக்கமுறையை ஏற்றினால், கணக்குத் தாளும் கடிதமும் எழுத அது உதவும். குழுவின் சேமிப்பில் கைவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, மூன்று லாரிகளை ஓட்டும் உரிமையாளர். சுங்கச் சோதனை முடிந்து துறைமுகத்திலிருந்து சரக்குடன் வெளிவரும் லாரிக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். 200 கிலோமீட்டர் வரையுள்ள தூரத்துக்கு அச்சீட்டின் ஆயுள் சாதாரணமாக ஒரு நாள்தான். வழியில் வரிசையில் நின்று நேரம் கடந்தால், ஆயுள் முடிவதற்கு முன்னும் பின்னும் உள்ள எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிப்புக் கோர வேண்டும். வண்டி பழுதாகி மாறினால் புதிய வண்டியின் எண்ணைப் பதிய வேண்டும். தவறினால் அபராதம் வரும், லாரியும் நிற்கும். நள்ளிரவிலும் உடனே விழித்தெழும் கருவியே இவருக்குத் தேவை. பாதையில் கைப்பேசியோ சிறு மடிக்கணினியோ போதும். ஆனால் மாதாந்தர வரிக் கணக்கையும் டேலிப் பதிவுகளையும் அதிலேயே செய்ய முற்பட்டால் கண்ணும் நேரமும் கெடும். அதற்கு வீட்டில் 14 அங்குலத் திரையுள்ள ஒன்று இருப்பது நலம். இரண்டு வாங்க இயலாதவர் பெரியதை வாங்கி, பாதை வேலையைக் கைப்பேசியில் செய்துகொள்ளலாம்.

மூன்றாவதாகப் பஞ்சாயத்துக் காரியாலயம். நீண்ட படிவங்கள், கையொப்பச் சாவி, அச்சு இயந்திரம், நாள் முழுவதும் வேலை. இங்கே சிறு மடிக்கணினி பொருந்தாது. முழு அளவுள்ள மடிக்கணினியோ, மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். உடன் மேசைக் கணினியோதான் ஏற்றது. பொதுப் பணம் என்பதால் தேவையை எழுதி, மன்றத்தில் வைத்து, 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் அரசு ஆணைகளுக்கும் உட்பட்டு வாங்க வேண்டும். ‘மலிவாகக் கிடைத்தது’ என்பது தணிக்கையில் விடையாகாது. ‘இன்ன வேலைக்கு இன்ன கருவி’ என்பதே விடையாகும்.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் பஞ்சாயத்தில் அல்லது குழுவில் கணினியால் செய்ய வேண்டிய வேலைகள் யாவை? அவற்றுள் கைப்பேசியில் முடிவன எவை?

2. அவ்வேலையை நாள்தோறும் செய்யப்போகிறவர் யார்? கருவியை அவர் தட்டிப் பார்த்தாரா?

3. நமக்கு வேண்டிய மென்பொருளும் கையொப்பச் சாவியும் இக்கருவியில் ஓடுவதைக் கண்ணால் கண்டோமா?

4. விலையை உழைக்கும் நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு என்ன ஆகிறது?

5. நாளைக் காலை வெள்ளம் வந்தால் நம் கணக்கின் நகல் எங்கே இருக்கும்?

இவ்வைந்து வினாக்களுக்கும் விடை எழுதிய தாள் கையிலிருந்தால், கடைக்காரர் எதைக் காட்டினாலும் நாம் மயங்க வேண்டியதில்லை. முன்பு கணக்கப்பிள்ளையின் பேரேடு ஒன்றே ஊரின் வரவு செலவுக்குச் சாட்சியாக இருந்தது. இன்று அச்சாட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் பார்க்கத்தக்க திரையில் இருக்கிறது. அத்திரை பெரிதோ சிறிதோ, அதிலுள்ள கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் குழுவுக்குக் கடன் கிடைக்கும். லாரி நிற்காமல் ஓடும். பஞ்சாயத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கை வளரும். ஆகவே அடுத்த கூட்டத்திலேயே ஒரு தாளை எடுத்து, வேலைகளை எழுதத் தொடங்குவோமாக.